பாட்டில் நிரம்பிய அதிசயம்

பிறந்த வீடு, புகுந்த வீடு என்று எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சாமர்த்தியம்தான் உண்டு. எதைக் கொடுத்தாலும் எதை வாங்கினாலும் அதை எதிராளி வீட்டோடு அளந்து பார்க்கிற சாமர்த்தியம். சீர்த்தட்டு எத்தனை, விருந்தில் இலைக்கு எத்தனை இனிப்பு, காதுகுத்துக்கு எந்தக் காரில் வந்து இறங்கினார்கள் என்று அளந்தே வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் என் தாய்ப்பால் சிக்கியது. அதையும் விடவில்லை.

என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்டாள். திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரமாக அறுவை செய்து எடுத்தார்கள். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. என் கணவர் வீட்டார் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்புகிறவர்கள். அங்கே இருப்பதிலேயே சின்ன சைஸில் என் மகளை இரண்டு சுற்றுச் சுற்றலாம். அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் ஒரு குழாய், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள்.

பார்க்க வந்த சொந்தங்களின் கவலை வேறு. இது ஏழாம் மாதமா எட்டாம் மாதமா என்பதுதான் அவர்களுக்குத் தீரவேண்டிய வழக்கு. ஏழு என்றால் பிழைத்துக்கொள்ளுமாம், எட்டு என்றால் தங்காதாம். வயிறு கிழிந்து படுத்திருக்கிறவள் காதுபட, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஏழுதான் என்று முடிவு செய்து, எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆப்பிள் கொண்டுவந்தவர்கள் அந்தப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது.

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சிரிக்கத் தெரியாதவர் என்று முதலில் நினைத்தேன். அறுவை நடந்த அன்று சாயங்காலமே என் கட்டிலுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு, என் மார்பில் எங்கே விரல் வைக்க வேண்டும், எப்படிப் பின்னால் அழுத்தி முன்னால் கொண்டுவர வேண்டும் என்று காட்டினார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சளாக ஒரு சொட்டு முட்டிக்கொண்டு நின்றது. அதை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தார்.

"இவ்வளவுதானா சிஸ்டர்?" என்று கேட்டேன். நானும் அளந்தே வளர்ந்த வீட்டுப் பெண்தானே.

"பிள்ளைக்கு வயிறு எவ்வளவு இருக்குன்னு நினைச்சிய? ஒரு நேரத்துக்கு ஒரு மில்லி, ரெண்டு மில்லி. அதுக்கு இது போதும். மூணு மணிக்கு ஒருக்கா எடுக்கணும், ராத்திரியும் எடுக்கணும். வருதோ வரலையோ எடுக்கணும். வேற எந்தப் பாலும் இந்தக் குடல் தாங்காது, கேட்டியளா."

கேட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மட்டும்தான் கேட்டேன் என்பதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

என்னை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. குழந்தை அங்கேயே இருக்க வேண்டும். தாய் தங்க அந்த மருத்துவமனையில் இடம் இல்லை. நெருப்பெரிச்சலில் இருக்கும் என் கணவர் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் கூப்பிடு தூரம். ஆனால் பிள்ளை பெற்றவள் பிள்ளை இல்லாமல் வெறுங்கையோடு மாமியார் வீட்டுப் படி ஏறக்கூடாதாம். யார் எழுதி வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாமியார் சொன்னார், என் அம்மா தலையாட்டினார், என் கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, நான் என் அம்மா வீட்டுக்கு, சேவூருக்குப் போனேன். என் மகள் ஓரிடம், என் பால் ஓரிடம். நடுவில் அவினாசி, பாலம், டிராஃபிக் எல்லாம்.

ஏற்பாடு இதுதான். நான் எடுக்கும் பாலை நர்ஸ் கொடுத்த சின்னப் பாட்டில்களில் ஊற்றி, பிரிட்ஜில் வைக்க வேண்டும். மாமியார் காலையில் காரில் வந்து, ஐஸ் போட்ட பெட்டியில் அவற்றை வைத்து மருத்துவமனையில் கொடுப்பார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைக்காக அந்தம்மா தினம் இவ்வளவு தூரம் வருகிறாரே என்று ஊரே மெச்சியது. வந்தவர் என்ன செய்தார் என்பது ஊருக்குத் தெரியாது. பிரிட்ஜைத் திறந்து, பாட்டிலைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரியே பார்ப்பார். பிறகு என் அம்மாவிடம், தேன் ஒழுகும் குரலில், "இன்னைக்கும் இவ்வளவுதானுங்களா சம்பந்தி?" என்று கேட்பார்.

திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். எங்கள் ஊர் மரியாதை அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

"பூண்டு நெம்பப் போட்டுக் குடுங்க சம்பந்தி. சுறாப்புட்டு செஞ்சு குடுங்க. எனக்கெல்லாம் பாலு ரவிக்கையத் தாண்டி ஓடுமுங்க. மூணு பிள்ளைகளுக்கும் அப்பிடித்தானுங்க." இதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் கிளம்பியதில்லை. அந்த மூன்று பிள்ளைகளில் ஒன்று எனக்குக் கணவராக வாய்த்தது. அவ்வளவு பால் குடித்தும் முதுகெலும்பு மட்டும் வளராமல் போய்விட்டது.

அந்தக் கணவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். போன் செய்தார். கட்டிங் செக்‌ஷனுக்குப் பேசிவிட்டு, அதே குரலில் எனக்குப் பேசினார். "அவுட்புட் எப்படி இருக்குது?" என்பார். முதல் தடவை விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. மனுஷனுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை. இருப்பதிலேயே நல்ல மின்சாரப் பம்ப் ஒன்றை வாங்கி அனுப்பினார். மெஷின் நல்லதாக இருந்தால் உற்பத்தி ஏறும் என்பது அவர் கணக்கு. "மெஷின் மாத்தியும் ஏறலியே, என்ன பிரச்சினை?" என்று ஒருநாள் கேட்டார். பிரச்சினை நீதான் என்று சொல்லியிருக்க வேண்டும். தையல் வலித்தது, போனை வைத்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் பால் எப்படி ஊறும்? குழந்தையின் அழுகையைக் கேட்டாலே சுரக்கும் என்கிறார்கள். எனக்கோ குழந்தை அழுது கேட்டதே இல்லை. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிறந்த மூன்றாம் நாள் எடுத்த ஒரு படத்தைப் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டே பம்பைப் பொருத்துவேன். அது 'கர்ர்' என்று இழுக்கும். பாட்டிலின் அடியை மறைக்கிற அளவு வந்தால் அன்று எனக்குத் தீபாவளி. அதை மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்துவிடுவேன். பிரிட்ஜில் வைப்பது அம்மாவின் வேலை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்குக் கால் அமுக்கிவிட்டார், பூண்டை நெய்யில் வதக்கி ஊட்டிவிட்டார், பம்பின் பாகங்களைச் சொன்னபடி கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். ஆனால் காலையில் கார் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறிவிடும். புடவையை இழுத்துச் செருகிக்கொள்வார். டம்ளரைத் துடைத்ததையே துடைப்பார். பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி முன்னால் குற்றம் செய்தவர்கள் மாதிரி நிற்பது எங்கள் பக்கத்தில் பண்பாடு. அதைப் பணிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் காலையில் என் கணவர் போன் செய்தார். குரலில் உற்சாகம்.

"சூப்பர்! நேத்தும் இன்னைக்கும் பாட்டில் முழுசா நெறஞ்சிருச்சாம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வார்டுல நேத்தே எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டாங்க. நான்தான் சொன்னனே, நல்ல மெஷினுன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாளும் பாட்டிலின் அடிதான் மறைந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவரே அடுத்த சேதியையும் சொன்னார். டீ குடித்தாயா என்று கேட்கிற அதே தொனியில்.

"அப்பறம், பாப்பாவுக்கு வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்குதாம். ராத்திரியிலிருந்து பால நிறுத்தி வெச்சிருக்காங்க. டாக்டர் பாத்துக்குவாங்க, நீ டென்ஷன் ஆகாத."

முதல் சேதி பாட்டில். இரண்டாவது சேதி பிள்ளை. அந்த வரிசையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார். எங்கள் மாட்டுப் பால். பக்கத்தில் நர்ஸ் கொடுத்த பாட்டில்களில் ஒன்று, மூடி திறந்து கிடந்தது. கேட்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டேன்.

அம்மாவுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்திருந்தால்தானே ஒளிப்பதற்கு.

"நீ குடுத்தது அடியில ஒட்டிட்டுக் கெடந்துது கண்ணு. அத எப்பிடி அப்பிடியே குடுத்து உடறது? கொறப் பாத்தரத்த ஊட்ட உட்டு வெளிய அனுப்பலாமா? அதும் பச்சப் புள்ளைக்குப் போறது. நம்ம மாட்டுப் பாலுதான், நல்லாக் காய்ச்சி ஆத்தி, தண்ணி கலந்துதான் ஊத்துனேன்."

எங்கள் வீடுகளில் பாத்திரம் குறையாக வெளியே போகாது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தாலும் கிண்ணம் ததும்பத்தான் கொடுப்போம். அவர்கள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். காலியாகக் கொடுத்தால், குறையாகக் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது. நல்ல பழக்கம்தான். குழம்புக்கு நல்ல பழக்கம். ஒரு கிலோ பிள்ளையின் குடலுக்கு அது விஷம் என்று அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களுக்குத் தெரியாது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"நேத்தும் இன்னைக்குந்தான் சாமி. அந்தம்மா தெனமும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு ஒரு சொல்லுச் சொல்லீட்டுப் போறாங்க. எம்புள்ளைக்குப் பாலில்லைன்னு அவங்க ஊரு பூரா பேச, நான் கேட்டுட்டு நிக்கோணுமா?"

என் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாளோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா அந்தம்மாவின் சொல்லுக்கு நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"செரி, அதான் பால நிறுத்தியாச்சே. தானா செரியாயிரும். இப்பப் போய் இதச் சொன்னீன்னா எங்கம்மாவுக்குத் தெரிஞ்சு, உங்கம்மாவுக்கு அசிங்கமாகி, ரெண்டு குடும்பத்துக்கும் பெரிய பிரச்சினையாயிரும். டாக்டருக்கு எல்லாம் தெரியும். நீ ஒண்ணும் சொல்லாத."

டாக்டருக்கு எல்லாம் தெரியுமாம். சேவூரில் ஓர் அடுப்பில் காய்ச்சிய பால் பாட்டிலுக்குள் போனது அவருக்கு எப்படித் தெரியும், ஜோசியமா பார்க்கிறார்? அந்தப் பாட்டில் முழுவதும் தாய்ப்பால் என்று நம்பித்தானே குழாயில் ஏற்றினார்கள். இரண்டாவது பெட்டி வேறு இந்நேரம் காரில் போய்க்கொண்டிருந்தது.

பம்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலில் வந்து மறித்தார். தீட்டு கழியவில்லை, பச்சை உடம்பு, காற்றுப் படும் என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மாகிட்டத் தனியாச் சொல்லு கண்ணு, சம்பந்தி இருக்கறப்பச் சொல்லீராத" என்று அழுதார். கையை உதறிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தையல் பிய்ந்துவிடும் போல் இருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார். வேகமாகப் போங்கள் என்று அவர் மேல் கத்தினேன்.

வார்டு வாசலில் மாமியார் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், என்ன சாப்பிட்டால் பால் இப்படிப் பெருகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்து எழுந்தார். நான் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். நர்ஸ் வெளியே வந்தார்.

தனியாகச் சொல்லியிருக்கலாம். அவரை உள்ளே கூட்டிப்போய்க் காதோடு சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடத்தை இவர்கள் கௌரவத்துக்காகச் செலவழிக்க எனக்கு மனசில்லை. நின்ற இடத்திலேயே, எல்லார் காதிலும் விழ, "சிஸ்டர், நேத்து வந்த பாட்டில்ல மாட்டுப் பால் கலந்திருக்கு. இதுலயும் இருக்கு" என்றேன்.

நர்ஸ் முகம் வெளிறிப்போனது. ஆனால் கத்தவில்லை. "திட்டுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. என்ன கலந்தது, எப்போலருந்து, எவ்வளவு, அத மட்டும் சொல்லுங்க." சொன்னேன். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் வந்தார். எக்ஸ்ரே படம் எடுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் மகளின் வயிறு பளபளவென்று இறுகி இருந்தது. அவள் உடம்பில் அந்த வயிறு மட்டும்தான் இருக்கிற மாதிரி இருந்தது.

என் பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

"நான் அப்பவே நெனச்சனுங்க. அத்தன பாலு ஒரே நாள்ல எங்கிருந்து வருமுன்னு. அவங்க வீடே அப்பிடித்தானுங்க, எல்லாமே மேல்பூச்சு."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அந்தப் பாலுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசி குத்துகிறார்கள், இந்தப் பக்கம் இவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது? எருமை மாட்டு மேல் மழை பெய்த கதைதான்.

குடல் ஓட்டையாகியிருந்தால் அறுவை செய்ய வேண்டும், அவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போதைக்கு ஓட்டை தெரியவில்லை, மருந்து கொடுத்துப் பார்ப்போம், வயிற்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். நீங்கள் வந்து சொன்னதால் எதைத் தேடுவது என்று தெரிந்தது என்றும் சொன்னார். என் கணவர் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

குழந்தைக்குப் பாலே கிடையாது என்றான பிறகு நான் எதற்குப் பம்ப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டேன். அன்று முதல்முறையாக அவர் என் தோளில் கை வைத்தார்.

"வயித்து உப்புசம் எறங்கின உடனே அவ உங்களத்தான் கேப்பா. நீங்க இப்ப நிறுத்திட்டியன்னா அப்ப என்னத்தக் குடுக்க?"

அன்றிரவு நெருப்பெரிச்சல் வீட்டுக்குத்தான் போனேன். மாமியார் படியில் நின்று தயங்கினார், வெறுங்கையோடு வருகிறேன் என்று. கையில் பம்ப் இருந்தது, அதைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். காலையில் மருத்துவமனை, இரவில் வீடு. மருத்துவமனையில் திரை போட்ட ஒரு மூலையில் இரண்டு நாற்காலி கிடக்கும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் உட்காருவாள். அவளுக்கு வார்டுக்குள்ளே இரட்டைப் பிள்ளைகள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. என் பாட்டிலை எட்டிப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பால் கொஞ்சம் கூடுதலாக வந்தது. என் கணவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

சில நாட்கள் அப்படியே போயின. வயிறு மெல்ல மெல்ல இளகியது. ஒரு மத்தியானம் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் அப்போதுதான் எடுத்துக் கொடுத்த பாலில் ஒரே ஒரு மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து, குழாயின் வாயில் பொருத்தி, என் கையில் கொடுத்தார். "அமுக்காதிய. சும்மா உயர்த்திப் பிடிங்க, தானா எறங்கும்." பிடித்தேன். பால் மிக மெதுவாக இறங்கியது. என் மகள் கண்ணைத் திறக்காமல் உதட்டை மட்டும் சப்பினாள். நான் அழுதேன். அந்த நாட்களில் முதல்தடவையாகக் கோபமில்லாமல் அழுதேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். சேவூரிலிருந்து கிளம்பிய பிறகு அவரோடு பேசவே இல்லை. பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் பெற்றவர், பாவம், சோறு தண்ணி இல்லாமல் கிடப்பார் என்று மனசு அடித்துக்கொண்டது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, பாப்பாவுக்கு வயிறு எறங்கிருச்சு. இப்பத்தான் எம்பாலக் குடுத்தாங்க. நல்லாக் குடிச்சா."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. மன்னித்துவிடு என்று அவர் சொல்லப்போகிறார், பரவாயில்லை அம்மா என்று நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தேன்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு கண்ணு குடுத்தாங்க? சம்பந்தி பாத்தாங்களா?"